குடை பிடித்த வாத்துகளும் ஒரு தப்பான வெட்டும்

1

இந்தக் கதை என் கால்சட்டையில் பிறந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் யாரும் கேட்கக் கூடாது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை ஆற்றங்கரையில் வருகிறது, மழையில் வருகிறது. எனக்கு ஈப்போ நகரத்துப் புந்தோங்கில், இடுப்பு இறுகிப்போன ஒரு கால்சட்டையைப் பிரித்துத் தளர்த்தக் கொடுத்த இடத்தில் வந்தது.

தைப்பவர் துளசி. எங்கள் வரிசையில் கடைசி வீடு. மோட்டார்சைக்கிள் நிற்க வேண்டிய முன்கூடத்தில் மிஷின் நிற்கிறது, மோட்டார்சைக்கிள் மழையில் நிற்கிறது. உண்மையில் அவர் கால்சட்டை தைப்பவர் அல்ல. குழந்தைகளுக்கு மட்டும்தான் தைப்பார், அதுவும் பழைய துணியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போ பழைய சாமான் சந்தைக்குப் போய், பாத்தேக் சரோங், ஆரஞ்சு நிறத்தில் பூசணிக்காய் அளவுக்குப் பூப்போட்ட ஜன்னல் திரை, சீனர் வீட்டுப் பியோனிப் பூப் போர்வை, யாரோ கட்டிச் சலித்த நைலக்ஸ் புடவை என்று அள்ளிக்கொண்டு வருவார். அடுத்த வாரம் அந்தத் திரைக்குக் கையும் காலும் முளைத்துத் தெருவில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போகும். என் கால்சட்டையை வாங்கிக்கொண்டது அக்கம்பக்கத்து முகத்துக்காக.

அன்று வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி கேட்டார். "அண்ணே, நீங்க கதை எழுதுறவருதான? நான் பெரிய தப்பு ஒன்னு பண்ணிட்டேன்லா. அத எழுதுங்களேன்."

என் காது எழுந்து உட்கார்ந்தது. நாற்பது வயதுப் பெண், வீட்டுக்காரர் கனகராஜ் லாரியோடு வாரத்தில் பாதி நாள் வெளியூர், பெரிய தப்பு. பேனா தானாகக் கைக்கு வந்தது. என் ஈனப் புத்தியை வாசகர் மன்னிக்க வேண்டும்.

"என்ன தப்பும்மா?"

"வாத்தத் தலைகீழா வெட்டிட்டேன்."

2

தொடக்கங்கள்.

(அ) "பேராக் ஆற்றின் மேல் மூடுபனி கவிந்திருந்த அந்த அதிகாலையில்..." இந்தக் கதையில் ஆறு இல்லை. விட்டுவிட்டேன்.

(ஆ) "கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால்மரக் காட்டின் பச்சை வாசனையில் துளசி பிறந்தபோது..." இதை அவரிடமே படித்துக் காட்டினேன். "அண்ணே, அங்க கொசுதான் இருந்திச்சி. இப்ப டாமான்னு வரிசை வீடா கட்டி அஸ்ட்ரோ டிவி தட்டு மாட்டிட்டானுங்க, ரொம்ப நல்லா இருக்கு. அத வுடுங்க" என்றார். என்னுடைய ஏக்கம் முழுதும் வீணாய்ப் போனது.

(இ) "துளசிக்குக் குழந்தை இல்லை." எழுதும்போதே கை இனித்தது. குழந்தை இல்லாதவள் ஊர்க் குழந்தைகளுக்குத் தைக்கிறாள்! பாதி வாசகர்களின் கண் இப்போதே கலங்கியிருக்கும். துடைத்துக்கொள்ளுங்கள். துளசிக்கு இரண்டு தடியன்கள். கவுன் போடச் சொன்னால் அடிக்க வருவார்கள். அவ்வளவுதான்.

(ஈ) ஒரு கொரியர் பார்சல் வந்தது.

சரி, இது போதும். இதிலிருந்து போகிறேன்.

3

ஒரு கொரியர் பார்சல் வந்தது. துளசியின் தம்பி தேவன் வீட்டுக்கு, தேவனின் மனைவி தர்மினியின் பெயருக்கு.

தேவன் ஏர்கான் பழுதுபார்ப்பவன். தர்மினி பல் மருத்துவர். கிளினிக்கில் ஏர்கான் ஒழுகியது, இவன் ஏணி வைத்து ஏறினான், கீழிருந்து அவள் ஏணியைப் பிடித்தாள். மிச்சத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், காதல் காட்சி எழுதினால் எனக்கு வியர்க்கும். தர்மினியின் வீட்டார் யாழ்ப்பாணத்து வழி. அப்பா இளையதம்பி நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் பால் வெட்டியவர் பேரனுக்குத் தன் மகளா என்று கேட்டார், கல்யாணத்துக்கு வரவில்லை, பேத்தி பிறந்தபோதும் வரவில்லை. அம்மா இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பார். அம்மா காலமாகிப் பல வருடம் ஆயிற்று.

பார்சலை அனுப்பியது அவர்தான். உள்ளே ஒரு துணி. வெட்டாதது, துவைக்காதது. ஜப்பான் பருத்தி, வெண்ணெய் நிறம், அதில் வரிசை வரிசையாக வாத்துகள். ஒவ்வொரு வாத்தும் ஒரு சிவப்புக் குடை பிடித்திருந்தது. வாத்துக்கு எதற்குக் குடை என்று அச்சடித்தவர் யோசிக்கவில்லை, அதனால்தான் அழகாக இருந்தது. தர்மினியின் முதல் பிறந்தநாளுக்கென்று அம்மா வாங்கி, நாளைக்குத் தைப்போம், நாளைக்குத் தைப்போம் என்று அலுமாரியில் வைத்திருக்க, தர்மினி துணியைவிடப் பெரிதாகிவிட்டாள்.

துணியோடு கடிதம் கிடையாது. போனில் ஒரு வரி மட்டும்: 'பிள்ளைக்குத் தைச்சுப் போடு. பிறந்தநாளுக்கு வாறன்.'

தர்மினி துணியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு துளசியிடம் வந்தாள்.

"அண்ணி, இது ஒரு கவுனுக்குத்தான் காணும். வேற எங்கயும் கிடைக்காது. அம்மா எனக்குன்னு வாங்கினதுல மிச்சம் இது ஒன்னுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பா இந்தத் தடவை வந்துட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போனா, பெறகு வரவே மாட்டாரு. எனக்கு அவரத் தெரியும்."

"குடு. ஜோரா தச்சுடலாம்" என்றார் துளசி. உள்ளுக்குள் பயம்தானாம். அதை அவர் தர்மினியிடம் காட்டிக்கொள்ளவில்லை, என்னிடம்தான் சொன்னார்.

4

இப்போது தொழில் நுணுக்கம். பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், ஆனால் தாண்டினால் கதை புரியாது. அதனால் தாண்டாதீர்கள்.

குழந்தைக் கவுனில் முன்பக்கத்துக்கு ஒரு துண்டு, பின்பக்கத்துக்கு ஒரு துண்டு. இரண்டும் மேலே குறுகல், கீழே அகலம். இரண்டையும் ஒரே பக்கம் தலை வைத்துப் படுக்கப் போட்டால் நடுவில் துணி வீணாகும். ஒன்றின் தலைமாட்டில் மற்றதன் கால் வருகிற மாதிரி மாற்றிப் போட்டால் கச்சிதமாகப் பொருந்தி, ஓரத்தில் ஒரு முழத் துணி மிஞ்சும். துளசி மிஷினை வீட்டில் போடுவதற்கு முன்பு பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் இருந்தவர். அங்கே துணி மிச்சம் பிடிக்கத் தெரியாதவளுக்குச் சோறில்லை. சீருடைத் துணிக்கோ தலையும் இல்லை வாலும் இல்லை, எப்படித் திருப்பினாலும் அதே நீலம்.

பூவும் அப்படித்தான். பூ எந்தப் பக்கம் பார்த்தால் என்ன? பாத்தேக்கும் அப்படித்தான். துளசியின் கையில் இத்தனை வருடம் போனதெல்லாம் பூவும் கொடியுமாகத்தான் இருந்தன.

மிச்சம் பிடித்தால் ஒரு குட்டித் தொப்பியும் வரும் என்று கணக்குப் போட்டார். கவுனும் தொப்பியுமாகப் போட்டுவிட்டால் கிழவர் மலைத்துவிட மாட்டாரா? அந்த ஆசைதான் பண்ணிய வேலை. சாக்குக்கட்டியால் கோடு போட்டார், கத்தரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், வெட்டினார்.

வெட்டிய இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எடுத்துப் பிடித்தபோது, முன்பக்கத்தில் வாத்துகள் குடை பிடித்து நடந்தன. பின்பக்கத்தில் அத்தனையும் குடையின் மேல் தலைகீழாக நின்றன.

துளசி கண்ணீர் மல்க அந்தத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு

(வாக்கியத்தை இங்கேயே நிறுத்துகிறேன். "நான் எங்கண்ணே அழுதேன்?" என்று கேட்டார் துளசி. "அலாமா, கெட்ட வார்த்தையில திட்டினேன். அந்த வாத்த, அந்தக் குடைய, ஃபேக்டரிய, எல்லாத்தயும். அத எழுதுங்க." எழுத முடியாது. இந்தப் பத்திரிகையை வீட்டில் பெரியவர்களும் படிக்கிறார்கள்.)

5

இளையதம்பியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்.

மேலே அவரை விறைப்பாக எழுதிவிட்டேன். அளவுக் கம்பி மாதிரி ஒரு மனிதர், சாதி பார்க்கிறவர், ஊர் பார்க்கிறவர். எழுதுவதற்கு வசதியாக இருந்தது. ஆனால் அப்படிப்பட்டவர் முப்பது வருடத்துக்கு மேல் வாத்துத் துணியை எதற்கு வைத்திருந்தார்? அலுமாரியைத் துடைக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்து, பூச்சி உருண்டை மாற்றி, பழைய மடிப்பிலேயே மடித்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி தின்றிருக்கும். மனைவி வாங்கிய துணியை மகளுக்குக் கொடுக்கவும் மனமில்லாமல், தூக்கிப் போடவும் மனமில்லாமல் ஒருவர் தனியாக இருந்திருக்கிறார். நான் உருவாக்கிய விறைப்புக் கிழவருக்கு இந்த வேலை பொருந்தவில்லை.*

* அப்படியானால் அவரை நல்லவர் ஆக்கிவிடலாமே என்பீர்கள். ஆக்கலாம். ஆனால் கல்யாணத்துக்கு வராதது அவர்தான். தர்மினி தாலி கட்டிக்கொள்ளும்போது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதை நான் அழித்தால் எனக்குச் சோறு இறங்காது.

6

துளசி பிறகு என்ன செய்தார்? மறைக்கத்தான் பார்த்தார், வேறென்ன.

சந்தைக்கு ஓடினார். வாத்துத் துணி இல்லை. அன்னப்பறவை போட்ட மேசைவிரிப்பு ஒன்று இருந்தது, அன்னத்துக்குக் குடை இல்லை. பின்பக்கத்தில் பெரிதாக ஒரு சிவப்பு ரிப்பன் முடிச்சு வைத்து மூடலாமா என்று பார்த்தார். முடிச்சு குழந்தையைவிடப் பெரிதாக வந்தது. நாள் முழுக்கப் பிள்ளையின் முதுகைச் சுவரோடு சாய்த்தே வைத்திருக்கலாமா? ஒரு வயதுக் குழந்தை சுவரோடு சாய்ந்து நிற்குமா?

"என்னால ஒரு குடும்பம் சேராமப் போயிடுமோன்னு பயமா இருந்திச்சிண்ணே" என்றார். இதைச் சொன்னபோது மிஷினை ஓட்டவில்லை. "தோட்டத்து ஆளுங்களுக்கு ஒரு கவுன் தைக்கக்கூடத் துப்பில்லைன்னு அவரு நெனச்சிடுவாருல்ல? என் தம்பிக்கு அந்தப் பேரு என் கையாலயா வரணும்?"

கடைசியில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து தர்மினியை வரச் சொன்னார். அவள் குழந்தை யாழினியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். துளசி சுற்றி வளைக்காமல் துண்டுகளை எடுத்துத் தரையில் விரித்தார்.

தர்மினி பார்த்தாள். பல் மருத்துவரே வாயை மூடிக்கொண்டால் விஷயம் பெரிது. பிறகு, "பரவாயில்ல அண்ணி" என்றாள். பரவாயில்லை என்று அவள் சொன்ன விதத்தில் துளசிக்கு அடி வாங்கியிருக்கலாம் போல் இருந்தது.

"எதுக்கும் அளவாவது பாத்துடுறேன்" என்று துளசி இரண்டு துண்டையும் தோளிலும் பக்கவாட்டிலும் மேலோட்டமாக நூல் ஓட்டி, குழந்தைக்கு மாட்டிவிட்டார். அவசரத்தில் முன்னும் பின்னும் மாறிப்போனது. தலைகீழ் வாத்துகள் முன்னால் வந்துவிட்டன.

யாழினி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். ஒரு விரலை எடுத்து ஒரு வாத்தின் மேல் வைத்து, "த்தா!" என்றாள். இன்னொன்றின் மேல் வைத்து இன்னொரு "த்தா!" பிறகு சிரிப்பு, எச்சில், மறுபடியும் "த்தா!"

"மாத்திப் போட்டுட்டேன்" என்று துளசி கழற்றிச் சரியாக மாட்டினார். வாத்துகள் முறையாக நிமிர்ந்து நின்றன. யாழினி குனிந்து பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், துளசியின் இன்ச் டேப்பை எடுத்துச் சப்பத் தொடங்கினாள்.

இந்த இடத்தில் வாசகர் ஒரு நிமிடம் தன் சட்டையைக் குனிந்து பார்க்க வேண்டும். நானும் பார்த்தேன். பையில் போட்டிருந்த சின்ன முத்திரை எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. நம் சட்டையில் இருப்பதெல்லாம் எதிரில் இருப்பவருக்காக நிமிர்ந்து நிற்கிறது. போட்டிருப்பவருக்கு எல்லாம் தலைகீழ்தான். இத்தனை வயது வரை எனக்கு இது தோன்றியதே இல்லை.

துளசி மறுபடி மாற்றிப் போட்டுப் பார்த்தார். "த்தா!"

"தர்மினி, இதையே முன்னால வெச்சுத் தைக்கிறேன்."

"எல்லாருக்கும் தலைகீழாத் தெரியுமே அண்ணி!"

"எல்லாருமா போட்டுக்கப் போறாங்க?"

"அப்பா பாப்பாரே. அவரு கோடு ஒரு நூல் சாஞ்சாலே கேப்பாரு."

"கேட்டா நான் சொல்லிக்கிறேன். முதுகுல வெச்சா நாள் பூரா முதுகையே காவல் காக்கணும்லா. எனக்குச் சுசா, பெரிய தொல்லை."

தர்மினி குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "தைங்க" என்றாள்.

துளசி ஒரு துண்டின் கழுத்தை இறக்கி வெட்டினார், மற்றதை நடுவில் கீறிப் பட்டன் வைத்தார். பின்பக்கம் முன்பக்கமாகிவிட்டது. தொப்பியும் வந்தது. அதில் ஒரே ஒரு வாத்து, அதற்கும் பாதி குடைதான் கிடைத்தது.

7

பிறந்தநாள். தேவன் வீட்டு வாசலில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், மீகூன், கோழிப் பிரட்டல், கேக். துளசி மஞ்சளைக் குழைத்துக் கவுனின் உள்மடிப்பில் ஒரு பொட்டு வைத்து மாட்டிவிட்டார். வந்தவர்களில் பாதிப் பேர், "ஏம்மா, வாத்து கவுந்து கெடக்கு?" என்று கேட்டுவிட்டார்கள். துளசிக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

இளையதம்பி வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, தேய்த்த மடிப்பு. நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்தார். "வாங்க" என்ற தேவனுக்குத் தலையை அசைத்தார். மகளைப் பார்த்தார், பார்வையை எடுத்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கவுனைப் பார்த்தார்.

ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் விவஸ்தை இல்லாமல் ஓடியது.

"ஆர் தைச்சது?"

"நான்தாங்கய்யா" என்று துளசி முன்னால் வந்தார். "தேவனுக்கு அக்கா."

"வாத்தெல்லாம் தலைகீழா நிக்குது."

"ஆமாங்கய்யா. தப்பா வெட்டிட்டேன்." சொல்லிக்கொள்கிறேன் என்றவர் சொன்னது அவ்வளவுதான். தர்மினியின் முகம் வெளுத்துவிட்டது. துளசி யோசிக்காமல் ஒன்று செய்தார். யாழினியைத் தூக்கிக் கிழவரின் மடியில் உட்கார்த்திவிட்டார், அவள் முதுகு அவர் நெஞ்சுப் பக்கம் வருகிற மாதிரி. அவர் கை தானாக வந்து பிள்ளை விழாமல் பிடித்துக்கொண்டது.

யாழினி தன் வயிற்றைப் பார்த்தாள். விரலை வைத்தாள். "த்தா!"

8

முடிவுகள்.

முடிவு ஒன்று: அவர் பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்து போகிறார். துளசியிடம் படித்தேன். "அண்ணே, ஒங்களுக்கு நெஞ்சு இருக்கா?" என்றார்.

முடிவு இரண்டு: அவர் விம்மி அழுது, மகளை அணைத்து, தேவனை 'மகனே' என்று அழைத்து... துளசி கையெடுத்துக் கும்பிட்டார். "தீபாவளிக்குப் போடுற நாடகம் மாதிரி இருக்கு."

முடிவு மூன்று. இது எனக்கு மிகவும் பிடித்தது. இளையதம்பி நில அளவையாளர் அல்லவா? வழி நடப்பவன் வரைபடத்தைத் தான் போகிற பக்கம் பார்த்துத்தான் திருப்பிப் பிடிப்பான் என்று அவருக்குத் தெரியும், அதை வைத்து அவர் ஒரு வாசகம் சொல்கிறார், எல்லாரும் கைதட்டுகிறார்கள். எழுதிவிட்டு இரண்டு நாள் மிதப்பில் திரிந்தேன். மூன்றாம் நாள் படித்தால், பேசுவது அவர் இல்லை, நான். என் கெட்டிக்காரத்தனத்தை அவர் வாயில் திணித்திருக்கிறேன். கிழித்தாயிற்று.

துளசியிடமே போய்க் கேட்டேன். "பெறகு என்னதாம்மா ஆச்சு? நீங்க அங்கதான இருந்தீங்க?"

துளசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இருந்தேன். ஆனா அத மட்டும் எழுதாதீங்கண்ணே. தப்பு என்னோடது, அத ஊருக்கே சொல்லுங்க. அது அவரோடது."

நான் இன்னும் கொஞ்சம் நச்சரித்தேன், சிம்பாங் பூலாய் பொமேலோப் பழம் வாங்கிக் கொடுத்தேன். பொமேலோவை உரித்துச் சாப்பிட்டார். பேச்சு மட்டும் வரவில்லை.

9

ஆக, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

குழந்தையின் விரல் ஒரு வாத்தின் மேல் இருக்கிறது. அவள் காட்டுவதை அவள் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டுமென்றால் இளையதம்பிக்கு ஒரே வழிதான். முதுகை வளைத்து, தலையை இறக்கி, கன்னத்தை அவள் கன்னத்தோடு வைத்து, அவள் கண் இருக்கும் இடத்தில் தன் கண்ணைக் கொண்டுபோக வேண்டும். இத்தனை பேர் பார்க்க, தேவன் பார்க்க, கல்யாணத்தன்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் பார்க்க.

நான் அவரை நிமிர்ந்தபடியே உட்கார வைத்துவிட்டு எழுந்துகொள்கிறேன். எழுத்தாளன் நினைத்தால் யாரையும் வளைத்துவிடலாம், ஒரு வினைச்சொல் போதும். அப்படி வளைந்தால் அது அவர் வளைந்ததாகுமா?

பிள்ளை விரலை எடுக்கவில்லை. திரும்பி அவர் முகத்தை அண்ணாந்து பார்த்து, புரியவில்லையா என்பது போல் இன்னொரு முறை "த்தா!" என்கிறாள்.

இனி அவர் பாடு, உங்கள் பாடு.